மரத்தில் வாழ்ந்த செடிக்கு மண் எதற்கு?
மெடினில்லா வளர்ப்பு: சிங்கப்பூர் வாசகர் கேள்வி – பதில்

சீனப் புத்தாண்டு நேரத்தில் ஒரு செடி வாங்கினேன். இளஞ்சிவப்பு மடல்களோடு கொத்துக் கொத்தாகப் பூ தொங்கியது. அட்டையில் "மலேயன் ஆர்க்கிட்" என்று போட்டிருந்தது. மூன்று வாரத்தில் பூவெல்லாம் கொட்டிவிட்டது. தொட்டி சிறியதாக இருக்கிறதே என்று பெரிய தொட்டியில் தோட்டமண் போட்டு மாற்றினேன். இப்போது இலைகளும் ஒவ்வொன்றாக விழுகின்றன. காப்பாற்ற முடியுமா?
– வாசகி, ஈசூன்

நீங்கள் வாங்கியது ஆர்க்கிட்டும் அல்ல, மலாயாச் செடியும் அல்ல. அதன் பெயர் மெடினில்லா மக்னிஃபிகா. ஊர் பிலிப்பீன்ஸ் மலைக்காடு. 1820 வாக்கில் மரியானா தீவுகளின் ஆளுநராக இருந்த ஹோசே டி மெடினில்லா என்பவரின் பெயரைத்தான் இந்த இனத்துக்கு வைத்தார்கள். தமிழில் இதற்குப் பெயர் இல்லை.

அடையாளம் எளிது. தண்டைத் தடவிப் பாருங்கள், உருண்டையாக இருக்காது, நான்கு பட்டை இருக்கும். இலைக்குக் காம்பே கிடையாது, இரண்டிரண்டாகத் தண்டைக் கட்டிக்கொண்டு நிற்கும். பிரிஞ்சி இலையில் நடு நரம்போடு பக்கத்துக்கு ஒன்றாக இன்னும் இரண்டு நரம்புகள் வளைந்து நுனிக்குப் போகும் அல்லவா, அதே அமைப்பை இதில் இன்னும் பெரிதாகப் பார்க்கலாம்.

பெயர் தப்பாக இருந்தாலும் "ஆர்க்கிட்" என்ற சொல்லில் ஒரு நல்ல குறிப்பு ஒளிந்திருக்கிறது. காட்டில் இது பெரும்பாலும் தரையில் வளர்வதில்லை. பெரிய மரத்தின் கவட்டையில், பாசியும் மட்கிய இலையும் சேர்ந்த இடத்தில் ஒட்டிக்கொண்டு வாழும். மழை பெய்தால் வேர் நன்றாக நனையும், அரை மணியில் நீர் வடிந்து காற்றுப் பட்டுவிடும். அந்த வேரைத் தோட்டமண்ணில் புதைத்தால் மூச்சு முட்டி அழுகும். பெரிய தொட்டி இன்னும் மோசம். வேர் எட்டாத ஈரமண் நாள்கணக்கில் காயாமல் கிடக்கும். இலை வாடுவதைப் பார்த்துத் தண்ணீர் போதவில்லை என்று நினைத்து இன்னும் ஊற்றுவோம். பெரும்பாலான மெடினில்லாக்கள் சாவது இப்படித்தான்.

தண்டு இன்னும் பச்சையாக, அழுத்தினால் கெட்டியாக இருந்தால் காப்பாற்றலாம். இன்றைக்கே மாற்றுங்கள்.

செடியை மண்ணோடு வெளியே எடுத்து, ஒரு வாளி நீரில் வேர்ப்பகுதியை அமிழ்த்தி மெதுவாக ஆட்டினால் மண் கரைந்து போகும். விரலால் பிய்க்க வேண்டாம். பழுப்பேறி, தொட்டால் தோல் உரிந்து வரும் வேர்கள் செத்தவை. அவற்றை ஸ்பிரிட்டில் துடைத்த கத்தரியால் வெட்டிவிடுங்கள். கெட்டியாக இருக்கும் வேர் எந்த நிறமானாலும் இருக்கட்டும். வேரில் பாதிக்கு மேல் போய்விட்டால், கீழ் இலைகளில் கால்வாசியைக் கழித்துவிடுங்கள். இருக்கிற வேரால் எல்லா இலைக்கும் நீர் கொடுக்க முடியாது.

கலவைக்கு ஒரே கிண்ணத்தால் அளந்துகொள்ளுங்கள்: ஆர்க்கிட்டுக்கு விற்கும் மரப்பட்டைத் துண்டு (1 முதல் 2 செ.மீ. அளவு) 5 கிண்ணம், தேங்காய் மட்டைத் துண்டு 2, பெர்லைட் அல்லது பியூமிஸ் (இரண்டும் எடை குறைந்த நுண்துளைக் கற்கள்) 2, நன்கு மட்கிய உரம் 1. மட்டைத் துண்டில் உப்பு இருக்கும். முதல்நாள் இரவே ஊறவைத்து, மறுநாள் மூன்று முறை அலசிவிட்டுச் சேருங்கள். இதைச் சோம்பலில் விட்டுவிட்டால் ஒரு மாதத்தில் இலை ஓரம் கருகும், காரணம் தெரியாமல் உரத்தைக் குறை சொல்வோம்.

தொட்டி வேர்க்கட்டியைவிட 3 செ.மீ. மட்டும் அகலமாக இருக்கட்டும், பக்கவாட்டிலும் துளை இருந்தால் நல்லது. தண்டு முன்பு எந்த ஆழத்தில் இருந்ததோ அதே ஆழத்தில் நிறுத்துங்கள். ஆடாமல் இருக்க ஒரு குச்சி கட்டுங்கள், ஆடும் செடியில் புதுவேர் அறுந்துகொண்டே இருக்கும். ஒருமுறை முழுக்க நீர் விட்டு, வெயில் படாத வெளிச்சமான இடத்தில் மூன்று வாரம் வையுங்கள். உரம் நான்கு வாரத்துக்குக் கிடையாது. தண்டு நுனியில் பயறளவு புதுத்தளிர் எட்டிப் பார்த்தால் செடி பிழைத்துவிட்டது.

பூ மூன்று வாரத்தில் கொட்டியதற்கு நீங்கள் பொறுப்பல்ல. கடைக்கு வரும் பூத்த செடிகளில் பல, நெதர்லாந்து போன்ற நாடுகளின் கண்ணாடிக் கூடங்களில் மிதமான குளிரில் வளர்ந்தவை. நம் தாழ்வார வெப்பம் அவற்றுக்கு அதிர்ச்சி.

எங்கள் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டுத் தாழ்வாரம் மேற்குப் பார்த்தது. செடியை அங்கேயே வைக்கலாம் என்கிறேன் நான். வீட்டுக்குள் வரவேற்பறையில் வைத்தால் பாதுகாப்பு என்கிறார் என் கணவர். யார் சொல்வது சரி?
– வாசகி, தெம்பனீஸ்

இருவரும் ஒரு அடி விட்டுக்கொடுக்க வேண்டும். வரவேற்பறையின் நடுவில் செடி சாகாது, ஆனால் பூக்காது. நம் கண்ணுக்கு வெளிச்சமாகத் தெரியும் இடம் செடிக்கு இருட்டு. மேற்குத் தாழ்வாரத்தில் பிற்பகல் 3 மணிக்கு மேல் நேர்வெயில் அடித்தால் இரண்டே நாளில் இலையில் வெளிறிய திட்டு விழும், பிறகு அது காகிதம் போலக் காய்ந்துவிடும். அந்தத் திட்டு ஆறாது. புது இலைதான் வர வேண்டும்.

சோதனை ஒன்று: நண்பகலில் இலைக்கு ஓரடி மேலே கையை நீட்டுங்கள். கை நிழலின் ஓரம் கத்தி வெட்டியது போல இருந்தால் வெயில் அதிகம். நிழலே விழாவிட்டால் இருட்டு. ஓரம் மங்கி, கை உருவம் மட்டும் தெரிந்தால் அதுதான் இடம். மேற்குப் பக்கமே வழி என்றால் 70 விழுக்காட்டு நிழல்வலை கட்டுங்கள். கிழக்குப் பக்க சன்னல் இருந்தால் யோசிக்கவே வேண்டாம், காலை வெயில் இரண்டு மணி நேரம் பட்டாலும் தாங்கும்.

கொத்து தொங்குவதற்குச் செடி உயரத்தில் இருக்க வேண்டும். அதற்காகத் தாழ்வாரச் சுவரின் மேல் வைத்துவிடாதீர்கள். நனைந்த 20 செ.மீ. தொட்டி நான்கு கிலோவைத் தாண்டலாம், கீழே ஆள் நடக்கிறார்கள். ஸ்டாண்டில் வைத்தால் 1.2 மீட்டர் நடைவழி விட்டு வையுங்கள், தீப்பிடித்தால் வெளியேறுவதற்கான விதி அது.

இரண்டு வருடமாக வளர்க்கிறேன். இலை ஒவ்வொன்றும் ஒரு முழம், பளபளவென்று இருக்கிறது. பூ மட்டும் ஒன்றுகூட இல்லை. என்ன உரம் போட வேண்டும்?
– வாசகர், செங்காங்

உரத்தில் இல்லை விஷயம். சொல்லப்போனால் நீங்கள் உரத்தைக் குறைக்க வேண்டியிருக்கும்.

மலைக்காட்டில் இரவு குளிரும். இந்தச் செடி மொட்டு வைக்க அந்தக் குளிர் ஒரு தூண்டுதல். பூச்செடியாக விற்பதற்கு வளர்ப்பவர்கள் சில வாரம் 15 முதல் 17 டிகிரியில் வைத்து மொட்டை வரவழைத்து, பிறகு வெப்பத்தைக் கூட்டுவார்கள். நம் ஊரில் சாதாரண இரவே 25 டிகிரிக்கு அருகில். கரையோரப் பூந்தோட்டங்களில் கிளவுட் ஃபாரஸ்ட் கூடத்தைப் பகலிலும் 23 முதல் 25 டிகிரியில் வைத்து மலைச் செடிகளை வளர்ப்பதும் இதனால்தான். அங்கே எடுத்த படங்களைப் பார்த்துவிட்டு நம் தாழ்வாரத்தில் அதே பூவை எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான் மிஞ்சும்.

ஆனாலும் நமக்கு ஒரு வாய்ப்பு இருக்கிறது. டிசம்பர், ஜனவரியில் வடகிழக்குப் பருவமழை விடாமல் பெய்யும் நாள்களில் வெப்பம் 22, 23 டிகிரிக்கு இறங்கும். அந்த வாரங்களைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள். செப்டம்பருக்குப் பிறகு கிளை எதையும் வெட்டாதீர்கள், மொட்டு வைக்கும் நுனியையே வெட்டிவிடுவீர்கள். டிசம்பர் நடுவிலிருந்து ஜனவரி கடைசிவரை உரம் நிறுத்தம். அந்த ஆறு வாரமும் தண்ணீரைக் குறைத்து, கலவையின் மேல்பாதி காய்ந்த பிறகே விடுங்கள். செடி மழையில் நேராக நனைந்தால் கலவை இப்படிக் காயாது. கூரைக்குக் கீழே, ஆனால் இரவுக் காற்று வீசும் இடத்தில் வையுங்கள். பகல் முழுக்க வெயில் குடித்த சுவரை ஒட்டி வைக்காதீர்கள், இரவு பத்து மணிவரை அந்தச் சுவர் அனல் விடும்.

பிப்ரவரி, மார்ச்சில் கிளை நுனியிலோ மேல் கணுவிலோ இளஞ்சிவப்பாக ஒரு கூர்மொட்டு தெரிந்தால், அன்றிலிருந்து வழக்கமான தண்ணீர், பாதி வலுவில் உரம். அதற்குப் பிறகு தொட்டியை இடம் மாற்றுவதோ திருப்புவதோ கூடாது. மொட்டு வந்த மகிழ்ச்சியில் நாலு பேருக்குக் காட்ட வீட்டுக்குள் கொண்டுபோய் வைத்து, மொட்டை உதிரவிட்டவர்கள் ஏராளம்.

இரவில் மட்டும் குளிர்சாதன அறையில் வைக்கலாமா என்றும் சிலர் எழுதியிருக்கிறார்கள். வேண்டாம். குளிர் கிடைக்கும், ஆனால் காற்றின் ஈரம் போய்விடும். தினம் தூக்கி இறக்குவதில் கிளையும் ஒடியும்.

இவ்வளவு செய்தும் ஒரு கொத்தோ இரண்டோதான் வரலாம். பூவுக்காகவே செடி வளர்ப்பவர் என்றால் எங்கள் யோசனை வேறு: மெடினில்லா ஸ்கார்டெக்கினி வாங்குங்கள். மலேசியத் தீபகற்பத்துக் காட்டுச் செடி. பவளக்கொடி போல ஆரஞ்சுக் காம்புகள் நிமிர்ந்து நிற்கும், பெரிய மடல் கிடையாது. நம் வெப்பம் அதற்குப் பழகியது. ஆண்டில் பல முறை பூக்கும். கலவை, தண்ணீர், வெளிச்சம் எல்லாம் மேலே சொன்னபடியேதான். இன்னொன்று, மெடினில்லா மிரியாந்தா. இளஞ்சிவப்புக் கொத்தில் பெரிய மடல் இல்லாமல் சிறு பூக்கள் மட்டும் இருந்தால் பெரும்பாலும் அதுதான். இதை மக்னிஃபிகா என்று சொல்லி விற்பதும் உண்டு. கோபப்பட வேண்டாம், சிங்கப்பூர் வெப்பத்துக்கு அதுதான் உங்களுக்கு லாபம்.

இதன் பூவைச் சாமிக்கு வைக்கலாமா? மாலை கட்ட வருமா?
– வாசகி, தோ பாயோ

வைக்கலாம், தடையில்லை. மணம் கிடையாது. மாலைக்கு வராது. நாம் பூவிதழ் என்று நினைக்கும் பெரிய இளஞ்சிவப்புப் பகுதி வாழைப்பூ மடல் மாதிரி ஒரு மடல்தான். அசல் பூ அதற்குக் கீழே சுண்டுவிரல் நகமளவில், ஊதா மகரந்தப் பைகளோடு தொங்கும். கொத்தைக் காம்போடு வெட்டிச் சொம்பில் வைப்பதே அழகு.

தினமும் தண்ணீர் ஊற்ற வேண்டுமா? குழாய்த் தண்ணீரை இரவு முழுக்க வாளியில் வைத்துக் குளோரின் போன பிறகு ஊற்றுகிறேன். சரிதானே?
– வாசகர், உட்லண்ட்ஸ்

வாளி வேண்டாம். நம் குழாய்நீரில் கிருமி நீக்கத்துக்குச் சேர்ப்பது குளோரமைன். அது ஓரிரவில் வெளியேறிப் போவதில்லை, இருக்கும் அளவு இந்தச் செடிக்குக் கேடும் செய்யாது. மூடாத வாளியால் கிடைக்கும் ஒரே பலன் கொசு. டெங்கி பரப்பும் ஏடிஸ் கொசுவின் முட்டை கொசுவாக ஏறக்குறைய ஒரு வாரம் போதும். தொட்டித் தட்டுக்கும் இதே கதைதான், தட்டே வைக்காதீர்கள். தரை நனையும் என்று வைத்தாக வேண்டுமென்றால், ஊற்றிய அரை மணியில் வடிந்ததைக் கொட்டிவிட்டுத் தட்டைத் தேய்த்துக் கவிழ்த்துவிடுங்கள். தட்டில் நிற்கும் நீர் வேரையும் அழுக வைக்கும், டெங்கிச் சோதனைக்கு வருபவர்களிடம் அபராதமும் வாங்கித்தரும்.

எப்போது ஊற்றுவது என்பதற்கு நாள்கணக்கு சொல்ல மாட்டோம். ஒரு மூங்கில் சாத்தே குச்சியைக் கலவைக்குள் விரல்நீளம் செருகிப் பத்து நிமிடம் கழித்து உருவிப் பாருங்கள். நுனி கறுத்து ஈரமாக இருந்தால் இன்று வேண்டாம். மேல் 3 செ.மீ. வெளிறிக் காய்ந்து, நுனி மட்டும் லேசாகக் குளிர்ந்திருந்தால் ஊற்றலாம். ஊற்றும்போது ஒரு குவளை தெளிப்பதோடு நிறுத்தாமல், அடியில் நீர் ஓடி வரும்வரை ஊற்றுங்கள். காற்றோட்டமான தாழ்வாரத்தில் இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை வரும். டிசம்பர் மழையில் ஒரு வாரம்கூட ஆகலாம். இலைக்கணுவில் நீர் தேங்காமல் காலையில் ஊற்றுவது நல்லது. மாலையில் தேங்கினால் இரவு முழுக்க ஈரம் நின்று கரும்புள்ளி நோய் வரும்.

வீட்டு உரமே போதும் என்று அரிசி கழுவிய தண்ணீர், முட்டை ஓடு, டீத்தூள் எல்லாம் போடுகிறேன். இலை மஞ்சளாகிறது, நரம்பு மட்டும் பச்சை.
– வாசகி, சுவா சூ காங்

மூன்றையும் நிறுத்துங்கள். இந்தச் செடிக்கு லேசான அமிலத் தன்மை வேண்டும், காரகாடி எண் (pH) 5.5 வாக்கில். முட்டை ஓடு மெல்லக் கரைந்து சுண்ணாம்பு சேர்த்து அந்த எண்ணை ஏற்றும். டீத்தூளும் அரிசித் தண்ணீரின் மாவும் மரப்பட்டை இடுக்கில் படிந்து காற்றுப்போக்கை அடைத்துப் புளிக்கும், சின்னச் சின்ன ஈக்கள் வரும். கறிவேப்பிலைக்கு ஒத்துக்கொள்வது எல்லாம் இதற்கு ஒத்துக்கொள்ளாது.

மஞ்சள் எந்த இலையில் என்று பாருங்கள். கீழே உள்ள பழைய இலை என்றால் மெக்னீசியம் குறைவு: எப்சம் உப்பு அரைத் தேக்கரண்டியை 2 லிட்டர் நீரில் கரைத்து, பதினைந்து நாளுக்கு ஒருமுறை மூன்று முறை ஊற்றுங்கள். மஞ்சளான இலை திரும்பப் பச்சையாகாவிட்டாலும் அடுத்த இலைக்குப் பரவாது. நுனியில் உள்ள இளம் இலை என்றால் இரும்புச் சத்தை வேரால் எடுக்க முடியவில்லை, அதற்குக் காரணம் அந்தச் சுண்ணாம்புதான். கலவையைப் புதிதாக மாற்றி, கீலேட் இரும்பு (வேர் எளிதில் எடுக்கும் வடிவில் உள்ள இரும்பு) உரத்தை அட்டையில் போட்ட அளவில் பாதி கொடுங்கள்.

வழக்கமான உரம்: 20 செ.மீ. தொட்டிக்கு மெதுவாகக் கரையும் 14-14-14 (தழை, மணி, சாம்பல் சத்து சம அளவில் உள்ள) உர மணிகள் ஒரு மட்டத் தேக்கரண்டி. பொட்டலத்தில் ஆறு மாதம் வரும் என்று போட்டிருந்தால் நம்ப வேண்டாம், அந்தக் கணக்கு குளிர்ந்த ஊருக்கு. நம் வெப்பத்தில் மூன்று நான்கு மாதத்தில் தீர்ந்துவிடும். மாதம் ஒருமுறை வெறும் நீரை மூன்று தடவை தொடர்ந்து ஊற்றித் தேங்கிய உப்பை அலசிவிடுங்கள்.

இலை தண்டோடு சேரும் இடத்தில் வெள்ளைப் பஞ்சு மாதிரி இருக்கிறது. எறும்பும் ஏறுகிறது.
– வாசகர், பிடோக்

மாவுப்பூச்சி. காம்பில்லாத இலை தண்டைக் கட்டிக்கொண்டிருக்கும் அந்த இடுக்கு அதற்குக் கோட்டை மாதிரி. எறும்பு செடியைத் தின்ன வரவில்லை. பூச்சி விடும் இனிப்புநீருக்காக அதைக் காவல் காக்க வருகிறது. எறும்பை விட்டுவிட்டுப் பூச்சியை மட்டும் கொன்றால் வேலை முடியாது.

செடியைத் தனியே எடுத்து வைத்து, காது துடைக்கும் பஞ்சுக்குச்சியை 70 விழுக்காட்டு ஆல்கஹாலில் நனைத்து ஒவ்வோர் இடுக்கிலும் நுழைத்துத் துடையுங்கள். வெள்ளை மாவு கரைந்து உள்ளே இளஞ்சிவப்பாகவோ மஞ்சளாகவோ பூச்சி நசுங்குவது தெரியும். பிறகு 1 லிட்டர் நீரில் 5 மி.லி. வேப்பெண்ணெய், 2 மி.லி. பாத்திரம் கழுவும் சோப்பு கலந்து நன்றாகக் குலுக்கி, வெயில் தாழ்ந்ததும் இலையின் அடிப்பக்கம் படத் தெளியுங்கள். முதலில் ஓர் இலையில் தெளித்து இரண்டு நாள் பாருங்கள். பூங்கொத்தில் படவேண்டாம், மடல் கறுக்கும். ஏழு நாள் இடைவெளியில் மூன்று முறை தெளிக்க வேண்டும், ஏனென்றால் முட்டைக்கு மருந்து ஏறாது, பொரிந்து வருவதைத்தான் பிடிக்க வேண்டும். மாட்டும் கம்பியிலோ ஸ்டாண்டின் காலிலோ வாசலின் தடவினால் எறும்பு ஏறாது. கிண்ணத்தில் நீர் வைத்து அதில் ஸ்டாண்டின் காலை நிறுத்தும் பழைய வழி இங்கே கொசுவுக்கு உதவும்.

மூன்று முறை தெளித்தும் செடி சோர்ந்தே இருந்தால் தொட்டியிலிருந்து உருவி, தொட்டியின் உள்சுவரைப் பாருங்கள். வெள்ளைப் பூச்சு தெரிந்தால் வேரிலும் இறங்கிவிட்டது. கலவை முழுவதையும் தூக்கிப் போட்டு வேரை அலசுவது தவிர வழியில்லை.

குச்சி வெட்டி வைத்தால் வளருமா?
– வாசகி, ஜூரோங் வெஸ்ட்

வளரும், பொறுமை வேண்டும். இளந்தண்டு அழுகும், முற்றிய கட்டை வேர்விடாது. இரண்டுக்கும் நடுவே, பச்சை மாறிப் பழுப்பு ஏறத் தொடங்கிய தண்டில் இரண்டு கணு உள்ளதாக வெட்டுங்கள். கீழ்க்கணு இலையை நீக்கி, மேல் இலைகளைக் குறுக்கே பாதியாக வெட்டிவிட்டு, வேர் ஊக்கி மாவு தொட்டு, பெர்லைட்டும் தேங்காய்நாரும் சரிபாதியாகக் கலந்ததில் கீழ்க்கணு புதையும்படி நடுங்கள். மேலே ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் டப்பாவைக் கவிழ்த்து நிழலில் வையுங்கள். குளிர்நாட்டில் அடியில் சூடுபடுத்துவார்கள், நமக்கு அது இலவசம். வேர்விட ஆறு முதல் எட்டு வாரம். நடுவில் இழுத்துப் பார்த்தால் கணக்கு மறுபடி முதலிலிருந்து. இப்படி வந்த செடி பூக்கும் வயதுக்கு வர இரண்டு ஆண்டுக்கு மேல் ஆகும். அவசரக்காரர்கள் கிளையில் தோல் சீவி, ஈரப்பாசி கட்டி விண்பதியம் போடலாம்.

எங்கள் வீடு தரை வீடு. முற்றத்தில் நாள் முழுக்க வெயில், களிமண். மெடினில்லா வைக்க முடியாது என்று புரிகிறது. அதே மாதிரி வேறு ஏதாவது?
– வாசகர், செம்பவாங்

அதே குடும்பத்தில் உள்ளூர்க்காரர் ஒருவர் இருக்கிறார்: செண்டுடுக். ஆங்கிலத்தில் "சிங்கப்பூர் ரோடோடென்ட்ரான்" என்பார்கள், அதுவும் தப்பான பெயர்தான். தாவரவியல் பெயர் மெலஸ்டோமா மலபாத்ரிகம். காட்டோரத்திலும் புதர்க்காட்டிலும் தானாக முளைப்பது. இலையில் அதே நீள்நரம்பு, ஆனால் தொட்டால் சொரசொரப்பு. ஊதா நிறத்தில் ஐந்து இதழ்ப் பூ, ஒரு நாள்தான் இருக்கும். மறுநாள் வேறு பூ வந்துவிடும், ஆண்டு முழுக்க.

பூங்காவிலோ காட்டோரத்திலோ பிடுங்கி வராதீர்கள், அனுமதியில்லாமல் எடுப்பது குற்றம். நாற்றங்காலில் கேட்டால் கிடைக்கும். உங்கள் களிமண்ணே அதற்குப் போதும். ஓரடி ஆழக் குழியில் தோண்டிய மண் 5 பங்கு, மட்கு 3, பருமணல் 2 கலந்து நடுங்கள். சுண்ணாம்பு, சிமெண்டுத் தூள் எதுவும் அருகில் சேரக்கூடாது. புதுப்பித்த வீட்டின் சுவரோரம் என்றால் உடைசலைத் தோண்டி எடுத்துவிட்டு நடுங்கள். முதல் மாதம் தினம் தண்ணீர், பிறகு மழையே பார்த்துக்கொள்ளும். விட்டால் ஆள் உயரத்தைத் தாண்டும். ஆண்டுக்கு இரண்டு முறை மூன்றில் ஒரு பங்கு வெட்டிவிட்டால் அடர்ந்து, கைக்கெட்டும் உயரத்தில் பூக்கும்.

காய் பழுத்து வெடித்தால் உள்ளே கருநீலச் சதை. தின்றால் நாக்கு கறுக்கும், மெலஸ்டோமா என்ற கிரேக்கச் சொல்லுக்கே "கறுத்த வாய்" என்றுதான் பொருள். குருவிகளுக்கு அந்தப் பழம் பிடிக்கும். தின்றுவிட்டுப் பக்கத்தில் எங்காவது உட்கார்ந்து எச்சமிடும். அதனால் துணி காயப்போடும் கழிகளிலிருந்து நாலைந்து மீட்டராவது தள்ளி நடுங்கள். வெள்ளை வேட்டியில் அந்தக் கறை பட்டால் எளிதில் போகாது.